எந்த மரக்கால்?

அம்மாவுக்கு மறதி தொடங்கியபோது புதுக்கோட்டையில் ஓரிடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஓராண்டு கழித்து வேறோர் ஊரில் இன்னொன்று. மூளை சுருங்கியிருக்கிறதா என்று கேட்டேன். "அது 1.5 டெஸ்லா மிஷின், இது 3 டெஸ்லா. ரெண்டையும் பக்கத்துல வச்சு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் மருத்துவர். "மிஷின் வேற வேறயாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். "பண்ணவீட்டு மரக்கா மாதிரியா?" என்றாள்.

அம்மா அறுப்புக்கூலியை நெல்லாக வாங்கியவள். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி அளப்பதற்குச் சின்னதாக இன்னொரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளை அவளுக்குத் தெரியும். மரக்கால் சரியாக இருந்த வீட்டிலும் ஆணுக்கு அளந்த நெல்லைப் பெண்ணுக்கு அளக்கவில்லை என்பதும் தெரியும். ஒன்று அளவையின் குற்றம். மற்றது அளவையைத் தொடும் முன்பே முடிவாகிவிட்ட கணக்கு. முதலாவதைத் திருத்திவிட்டால் இரண்டாவது தானாகத் திருந்திவிடாது.

பல ஊர் ஸ்கேன்களை ஒரே ஆய்வில் சேர்ப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல்தான். காந்தத்தின் வலிமையோ, தயாரித்த நிறுவனமோ, மென்பொருளோ மாறினால் ஒரே மூளையின் அளவுகூடச் சற்று மாறி வரும். 2007-இல் மரபணுத் தரவுக்காக உருவான 'காம்பேட்' என்ற புள்ளியியல் முறையைப் பத்தாண்டு கழித்து மூளைப் படங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கருவியின் சராசரியும் சிதறலும் பொதுவிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, அந்த விலகலை அது நீக்கும். வயதால், பாலினத்தால் வரும் வேறுபாட்டைக் காப்பாற்று என்று நாம் எழுதிக்கொடுத்தால்தான் காப்பாற்றும். ஓர் ஊரில் பெண்களை மட்டும், இன்னோர் ஊரில் ஆண்களை மட்டும் படமெடுத்திருந்தால் எது கருவியால் வந்தது, எது உடலால் வந்தது என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

2019-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு நல்ல வழியொன்றைக் கண்டது. அதே 9 பேரை 12 மையங்களுக்கும் அனுப்பிப் படமெடுத்தார்கள். ஆள் மாறவில்லை, ஆகவே மாறுவது கருவி. கருவியால் வரும் வேறுபாட்டையும், ஆட்களைத் தேர்ந்த விதத்தால் வரும் வேறுபாட்டையும் இப்படித் தனித்தனியே பிரித்தார்கள். என் அம்மா சொன்ன இரண்டு கணக்குகள்தானே என்று மகிழ்ந்தேன். பிறகு வழிமுறைப் பகுதிக்கு வந்தேன். ஒன்பது பேரும் ஆண்கள். வயது 24 முதல் 32.

யாரும் வஞ்சகமாகச் செய்ததில்லை. ஆனால் அளவையைச் சரிபார்க்கும் உடல் என்றவுடன் இளம் ஆணுடல்தான் நினைவுக்கு வருகிறது. ஆட்டிசம் ஆய்வுக்காக 17 மையங்களின் படங்களைத் திரட்டிய 'அபைட்' தொகுப்பில் 1112 பேர், பெண்கள் 164. 2014-இல் வந்த அதன் முதல் கட்டுரை முதன்மைக் கணக்குக்கு ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் சேர்க்கவே வேண்டாமா? வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் பெண்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும்போது, சேர்த்தால்தான் அவர்கள் ஒரு தொகையாவார்கள். தனித்தனியே இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நம் நாட்டில் 6 முதல் 23 வயதினரை ஆராயத் தொடங்கிய சி-வேதா திட்டம் பெங்களூரு முதல் இம்பால் வரை 7 மையங்களில் ஆட்களைச் சேர்த்தது. ஒரு பகுதியினருக்கு மூளைப் படமும் எடுத்தார்கள். இவ்வளவு வேறுபட்ட மண்ணின் பிள்ளைகளை ஒன்றாக எண்ணாமல் 'இந்திய மூளை' என்று யாரும் பேசிவிட முடியாது.

இந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. 'பெண்கள்' என்று நாமும் சேர்க்கிறோம். களத்தில் முந்தானை ஏந்தி நின்றவளையும், திண்ணையிலிருந்து அளந்துபோட்டவளையும் ஒரே சராசரிக்குள் வைக்கிறோம். சேர்த்ததால்தான் வாக்குரிமையும் சொத்துரிமையும் கேட்க முடிந்தது. ஆனால் எந்த வேறுபாட்டைக் காப்பாற்றச் சொன்னோம், எதைப் பிசிறென்று நீக்கினோம் என்று எழுதி வைத்தோமா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான் என்றும், அது ராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் சொல்கின்றன. வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அளவுகளை ஒப்பிடுகிறவர் எதை எதோடு ஒப்பிட்டார் என்று ஊரறியப் பொறித்து வைக்கக் கடமைப்பட்டவர் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அத்தோடு இன்னொன்றையும் பொறிக்க வேண்டும்: அளக்கும் இடத்துக்கு யார் வரவில்லை என்பதை.

அம்மாவின் இரண்டு ஸ்கேன் உறைகளும் பீரோவில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் தேதி, ஊர், மிஷின் என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை எங்கே எடுப்பது என்று அவளிடம் கேட்டேன். "மொதல்ல எடுத்த எடத்துலயே எடு" என்றாள்.