பொய்ம்மீனும் மெய்யறிவும்

ஏமாற்றுவதற்கும் ஆழ்ந்த அறிவு வேண்டும் என்றால் சிலர் வியப்புறலாம். டிரவுட் மீனைப் பிடிக்க மேனாட்டார் கட்டும் 'ஸ்ட்ரீமர்' என்னும் செயற்கை இரையே அதற்குச் சான்று.

தூண்டிலுக்குரிய செயற்கை இரைகள் பல பூச்சிகளைப் போன்றவை. ஸ்ட்ரீமரோ பெரும்பாலும் சிறுமீனைப் போன்றது. நீண்ட தூண்டில் முள்ளின் தண்டில் வெள்ளிச் சரிகையைச் சுற்றி, அதன்மேல் வெளிறிய இறகுகளை நீளவாக்கில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுவர். நீர் பட்டதும் இறகுகள் ஒட்டி மெலிந்த மீனுடலாகும். அதனை நீரோட்டத்தின் குறுக்கே வீசி, வளைந்து வரவிட்டு, நூலை விட்டுவிட்டு இழுப்பர். அடிபட்டுத் தடுமாறும் சிறுமீன் என்று எண்ணி டிரவுட் பாயும்.

இக்கலையில் பெரும்புகழ் பெற்றவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஸ்டீவன்ஸ் அம்மையார். 1924 சூலை முதல் நாள், அப்பர் டாம் என்னுமிடத்தில், தாமே கட்டிய இரையால் 6 பவுண்டு 13 அவுன்சு எடையுள்ள மீனைப் பிடித்தார். அவ்வட்டார ஏரிகளில் வாழும் ஸ்மெல்ட் என்னும் சிறுமீனின் சாயலில் அவர் படைத்ததே 'கிரே கோஸ்ட்' என்னும் சாம்பல்நிற இரை. அதன் கன்னத்தில் கண்போல் ஒளிரும் இறகு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகாகும். பொய்ம்மீனுக்குக் கண் வைக்க மெய்யான பறவைகள் உயிரிழந்தன. இன்று அப்பறவை இந்தியச் சட்டத்தால் காக்கப்படுகிறது.

நீரின் விரைவு, ஒளியின் சாய்வு, சிறுமீனின் நிறம், பெருமீனின் பசி ஆகிய அனைத்தையும் நுணுகி அறிந்தவரே நல்ல ஸ்ட்ரீமரைக் கட்ட இயலும். பொய்யைச் செய்வதற்கு மெய்யை அவ்வளவு அறிய வேண்டியிருக்கிறது. அறிவு அத்துணை வளர்ந்த இடத்தில் அருளும் உடன் வளர வேண்டாவா?

'டிரவுட்டும் சிறுமீனைக் கொன்று தின்பதுதானே?' என்பர் சிலர். டிரவுட் உயிர்வாழ வேட்டையாடுகிறது. அதற்கு வேறு வழியில்லை. மனிதனுக்கோ தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. உண்பதற்காகப் பிடிப்பவன் பசியைக் காரணமாகக் காட்டலாம். பொழுதுபோக்கிற்காகப் பிடிப்பவன் எதனைக் காட்டுவான்?

'எதிர்முள் இல்லாத தூண்டிலால் பிடித்து, உடனே நீரில் விட்டுவிடுகிறோம்' என்பது இன்னொரு விடை. இதில் இரக்கம் இருப்பதை மறுத்தற்கில்லை. எனினும் இரக்கம் பிந்தி வருகிறது. வானவில் டிரவுட்டின் தலைப்பகுதியில் நோவூட்டும் தூண்டல்களை உணரும் நரம்புமுனைகள் இருப்பதை, 2003இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வு காட்டியது. விடுவிக்கும் எண்ணத்துடன் மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து, 2008இல் நடைமுறைக்கு வந்த ஆணையால் தடை செய்தது. உணவுக்குப் பிடிப்பதை அந்நாடு தடுக்கவில்லை. தேவையின்றி ஓர் உயிரை வருத்துதல் ஆகாது என்பதே அதன் கருத்து எனலாம்.

சூதில் கிடைக்கும் வெற்றிக்குத் தூண்டிலை விழுங்கிய மீனை உவமையாக்கினார் வள்ளுவர். ஆசைகொண்டு விழுங்குவோர்க்கு அஃது எச்சரிக்கை. நாம் அவ்வுவமையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தூண்டிலைப் பிடித்த கைக்கும் ஒரு பொறுப்பு உண்டன்றோ?

ஆசிரியர்களாகிய நாம் மாணவர்க்குத் திறன்களைக் கற்பிக்கின்றோம். கேட்போர் உள்ளத்தைக் கவரும் பேச்சும் எழுத்தும் அவற்றுள் அடங்கும். பிறர் எதனை விரும்புவர், எதற்கு மயங்குவர் என்று அறிந்தவனே சிறந்த பேச்சாளனாகிறான். அதே அறிவால் அவன் வஞ்சகனாகவும் கூடும். அவ்வாறு ஆகாமல் காப்பது மேலும் ஒரு திறன் அன்று; 'இதனால் யார்க்கு என்ன நேரும்?' என்று செயலுக்கு முன்பே வினவும் பழக்கம்தான். ஸ்ட்ரீமரின் முடிச்சு அழகியது என்பதை மனமாரப் பாராட்டுவோம். அதனை நீரில் வீசுமுன் இவ்வினாவை எழுப்பவும் மாணவர்க்குக் கற்பிப்போம்.