வெட்டுவதற்கு யார் வர வேண்டும்?

"ஆள் கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தைச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலை வந்து எல்லாரையும் கெடுத்துவிட்டது என்று நிலம் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்கவில்லை என்று கொஞ்சம் வசதியான வீடுகளில் சொல்வார்கள். இவற்றைக் கேட்டால் எனக்கு வருத்தம் வருவதில்லை. முன்பு கொடுத்த கூலிக்கும் முன்பு பேசிய பேச்சுக்கும் இப்போது யாரும் வருவதில்லை என்பதுதான் அதன் பொருள். வராமல் இருக்க ஒரு பெண்ணுக்கு வழி பிறந்திருக்கிறது என்றால் அது நல்ல செய்தி.

அதே வாக்கியத்தை ஊருக்கு வெளியே வெண்பன்றி வளர்க்கும் ஒரு பெண் சொன்னபோது அப்படிக் கடந்துபோக முடியவில்லை. சிறியதும் பெரியதுமாக 60 பன்றிகள் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒன்றோ இரண்டோ அறுத்து, கறியாகவே விற்றுவிடுவார். அறுத்துக் கொடுக்க வந்தவர்களில் ஒருவருக்கு வயதாகிவிட்டது. அவருடைய மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். மற்றொருவர் வேறு வேலைக்கு மாறிவிட்டார். இப்போது வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "பன்னி என்ன சேலையாம்மா, மடிச்சு அலமாரியில வைக்க? தெனம் திங்குதுல்லா?" என்று கேட்டார்.

சங்கரன்கோவில்காரிகளுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். இங்கே விசைத்தறிச் சேலை உண்டு, பூச்சந்தையும் உண்டு. விலை சரியில்லை என்றால் சேலையைக் கொஞ்ச நாள் அடுக்கிவைக்கலாம். மல்லிகை அன்றைக்கே வாடிவிடும், போனது போனதுதான். பன்றி இந்த இரண்டிலும் சேராது. அது காத்திருக்கும், ஆனால் தின்றுகொண்டே காத்திருக்கும். பன்றி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனம்தான். 80 முதல் 100 கிலோ எடை வந்ததும் விற்றுவிட வேண்டும். அதற்குமேல் தின்னும் தீனி சதையாவதைவிடக் கொழுப்பாவதே அதிகம், கொழுப்பு கூடிய பன்றிக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். நாளுக்கு 3 கிலோ அடர்தீவனம் என்று வைத்தாலும், 20 பன்றிகள் ஒரு மாதம் கூடுதலாக நின்றால் 1,800 கிலோ. அந்த இடம் காலியாகாததால் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குக் கொட்டிலில் இடமில்லை. தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். அறுக்க ஆள் இல்லை என்று குட்டிகள் வயிற்றில் காத்திருக்கப்போவதில்லை.

ஆகவே அவர் உயிருடன் விற்கிறார். கேரளச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வியாபாரி சொல்வதுதான் விலை, அவர் தராசுதான் தராசு. கறியாக விற்றால் கையில் நிற்கும் பணம், உயிர் எடைக்கு விற்கும்போது வேறு கைகளுக்குப் போய்விடுகிறது. அந்த வழியும் எப்போதும் திறந்திருப்பதில்லை. 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்ட நாட்களில், பிற மாநிலங்களிலிருந்து பன்றிகளும் பன்றி இறைச்சியும் வருவதைக் கேரளம் தடை செய்தது. புளியரை தாண்ட முடியாவிட்டால் இங்கேயே அறுத்து விற்க வேண்டும். இங்கேயோ அறுக்க ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால், எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிச்சச் சோற்றைச் சேகரித்து வருவது, அதைக் கொதிக்கவைத்து ஊற்றுவது, கொட்டில் கழுவுவது, தாய்ப்பன்றி புரண்டு குட்டிகளை நசுக்கிவிடாமல் ஈன்ற இரவில் விழித்திருப்பது எல்லாம் ஏற்கெனவே அவருடைய வேலை. அறுத்த பின் குடல் அலசுவதும் அவரும் அவருடைய மருமகளும்தான். கத்தி மட்டும் ஆண்கள் கையில் இருந்தது. அதற்குத்தான் கூலி என்ற பெயர் இருந்தது. மற்றதெல்லாம் வீட்டு வேலை. இப்போது இன்னும் ஒரு மாதம் கூடுதலாக நிற்கும் 20 பன்றிகளுக்குச் சோறு சுமப்பதும் வீட்டு வேலைக் கணக்கில்தான் சேர்கிறது. அறுப்பவர் வராத நாளுக்குப் பற்றாக்குறை என்று பெயர் இருக்கிறது. அந்த நாளை ஈடுகட்டும் பெண்ணின் உழைப்புக்குப் பெயரே இல்லை.

இது சங்கரன்கோவிலின் தனிக் கதை இல்லை. 2021இல் பிரிட்டனில், பிரெக்சிட்டுக்கும் பெருந்தொற்றுக்கும் பின் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் பலர் திரும்பிப் போய்விட, இறைச்சிக்கூடங்களில் வெட்ட ஆள் இல்லாமல் போனது. பண்ணைகளில் பன்றிகள் தேங்கின. நோயற்ற பன்றிகளை ஆயிரக்கணக்கில் பண்ணையிலேயே கொன்று வீசினார்கள். அந்த அக்டோபரில் 800 இறைச்சி வெட்டுநர்களுக்குத் தற்காலிக விசா தருவதாக அரசு அறிவித்தது. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் சியூ ஃபால்ஸ் நகரின் ஸ்மித்ஃபீல்டு ஆலையில் கொரோனா பரவி ஆலை மூடப்பட்டது. அந்நாட்டுப் பன்றி இறைச்சியில் சுமார் 5 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி இறைச்சிக்கூடங்களைத் திறந்துவைக்க அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். உள்ளே தோளோடு தோள் உரசி நின்றவர்களில் பெரும்பகுதி குடியேறிகளும் அகதிகளும். ஜெர்மனியில் 2020 ஜூனில் டொன்னீஸ் நிறுவனத்தின் ஆலையில் 1,500க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவிய பிறகுதான், அங்கே ருமேனியர்களும் பல்கேரியர்களும் துணை ஒப்பந்தத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நாடு பேசியது. 2021 முதல் இறைச்சி வெட்டும் வேலையில் துணை ஒப்பந்தம் தடை செய்யப்பட்டது.

எல்லா நாட்டிலும் தின்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர். வெட்டுபவர் தூரத்திலிருந்து வந்தவராக, கேள்வி கேட்க முடியாதவராக இருக்கிறார். நம் நாட்டில் அவரைத் தூரத்திலிருந்து அழைத்துவர வேண்டியிருக்கவில்லை. ஊரின் ஓரத்திலேயே பிறப்பால் நிறுத்திவைத்திருந்தோம். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்துப் படிவைப்பது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். பன்றியோடு குறவர், காட்டுநாயக்கர், அருந்ததியர் எனச் சில சமூகங்களைப் பிணைத்து, பன்றியின் மேல் உள்ள அருவருப்பை அவர்கள் மேல் ஏற்றிவைத்தோம். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'யும் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படமும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அருவருப்பு தமிழ் மண்ணில் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. அதில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றியை அவற்றோடு போகவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்க்கிறார்கள். அதன் கொழுத்த கறியைக் கள்ளோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். அங்கே பெண்ணின் தொழிலும் பன்றியும் விருந்தும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கொடைகளில் மாடன் சாமிக்குப் பன்றி வெட்டுவது உண்டு. வராகம் பெருமாளின் அவதாரம். பன்றியோடு நமக்கு இருக்கும் சிக்கல் பன்றியால் வந்ததில்லை.

எனவே மகன் கத்தியைத் தொட மறுத்துத் திருப்பூருக்குப் போனது எனக்குச் சரியாகவே படுகிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகத் தலித் மக்கள் செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள், இனித் தூக்கமாட்டோம் என்றார்கள். அதை யாரும் ஆள் பற்றாக்குறை என்று சொல்லவில்லை, போராட்டம் என்றார்கள். திருப்பூருக்குப் பேருந்து ஏறியவன் முழக்கம் எதுவும் இடவில்லை. ஆனால் அவன் மறுத்ததும் அதே வேலையைத்தான், அதே காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் பன்றி வளர்க்கும் பெண்ணின் இழப்பை என்ன செய்வது? அவரும் அதே ஓரத்தில் நிற்பவர்தான். ஒருவனின் விடுதலைக்கான விலையை இன்னொருத்தி தீவனச் செலவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இதில் யார் பக்கம் என்று கேட்டால், கேள்வியே தவறாக வைக்கப்பட்டிருக்கிறது என்பேன். இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு மூன்றாவது ஆள் நழுவிப் போகிறார். அவர் கறி வாங்குபவர்.

இந்த மூன்றாவது ஆளைத் திருக்குறள் ஓரிடத்தில் பிடிக்கிறது, இன்னோரிடத்தில் விட்டுவிடுகிறது. புலால் மறுத்தலில் ஒரு குறள், தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்காக ஊன் விற்பவரும் இருக்கமாட்டார் என்கிறது. பொறுப்பு வாங்குபவரிடமிருந்து தொடங்குகிறது என்ற தெளிவான சந்தைக் கணக்கு அது. கொல்லாமையில் இன்னொரு குறள், கொலைத்தொழில் செய்பவர் அதன் இழிவை அறிந்தவர்களின் பார்வையில் புலைத்தொழிலர் என்கிறது. முதல் குறளின் கணக்குப்படி பார்த்தால், அந்த இழிவில் வாங்கியவருக்கும் பங்கு உண்டு. நம் சமூகம் முதல் குறளைப் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் குறளை நடைமுறையாக்கிக்கொண்டது. கறி தின்பவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பவர், கறியை வாங்கியபின் கடைக்காரர் கையில் காசைத் தொடாமல் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பன்றியின் பக்கம் நின்று ஒரு தோழி கேட்கக்கூடும், வெட்ட ஆள் இல்லாதது பன்றிக்கு நல்லதுதானே என்று. ஊன் உண்ணாத பெண்ணியவாதிகளின் கேள்வியை நான் மதிக்கிறேன். பெண் உடலையும் விலங்கின் உடலையும் பயன்பாட்டுப் பொருளாகப் பார்க்கும் கண் ஒன்றுதான் என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஆள் பற்றாக்குறை எந்தப் பன்றியையும் காப்பாற்றவில்லை. பிரிட்டனில் அவை குப்பையாகச் செத்தன. இங்கே நெரிசலாக வண்டியில் ஏறி நெடுந்தூரம் போய்ச் சாகின்றன. ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை வெட்டக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. அதற்கு இடம் வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும், அவசரமில்லாத நேரம் வேண்டும். கூலியும் மரியாதையும் இல்லாத இடத்தில் இவை எதுவும் இருக்காது. வெட்டுபவரை இழிவாக நடத்தும் ஊர் வெட்டப்படும் உயிரிடம் மட்டும் கருணையாக இருந்துவிடாது.

20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் தமிழ்நாட்டில் 1.84 லட்சமாக இருந்த பன்றிகள் 2019இல் 0.67 லட்சமாகக் குறைந்துவிட்டன. நகரங்களில் பன்றிகளை அப்புறப்படுத்தியது, மேய இடமில்லாமல் போனது, அடுத்த தலைமுறை விலகியது எனப் பல காரணங்கள் இருக்கலாம். காட்டுப்பாக்கத்தில் அரசின் ஆராய்ச்சிப் பண்ணை வெண்பன்றி இனங்களை வளர்க்கிறது, பயிற்சியும் தருகிறது. வளர்ப்பதற்குப் பயிற்சி உண்டு. அறுப்பதற்கு? அது இன்னாருக்குப் பிறப்பிலேயே தெரியும் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பன்றியை மயங்கவைக்கும் மின்கருவியும், மயிர் நீக்கும் இயந்திரமும், கொதிநீர்த் தொட்டியும் உலகில் எப்போதோ வந்துவிட்டன. மலிவான மனிதர்கள் இருந்ததால் இங்கே அவற்றை வாங்கவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கிய காரணமும் இதுதான். மனிதர் போன பிறகு இயந்திரமும் இல்லை.

இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபோது அதை ஓட்டியவர் ஆண், வேலை இழந்தவள் பெண். நாளை தாலுகாவுக்கு ஒரு நவீன இறைச்சிக்கூடம் வந்தால் மின்கருவி யார் கையில் இருக்கும், குடல் அலசும் தொட்டிமுன் யார் நிற்பார், யாருக்கு மாதச் சம்பளம், யாருக்கு அன்றாடக் கூலி என்று முதல் நாளே கேட்க வேண்டும். குளிர் அறையில் 8 மணி நேரம் நிற்கும் பெண்ணுக்குக் கழிப்பறைக்குப் போக நேரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை ஜெர்மனி தொற்றுக்குப் பின்தான் கேட்டது.

என் முடிவு இதுதான். இறைச்சி வெட்டுவது இழிவான வேலை இல்லை, கடினமான வேலை. கடினமான வேலைக்கு உரியது நல்ல கூலி, கருவி, பயிற்சி, காப்பீடு, விருப்பமில்லாவிட்டால் விட்டுப்போகும் உரிமை. பிறப்பின் பெயரால் யாரும் அதற்கு வர வேண்டியதில்லை. வந்து கற்றுக்கொள்ள விரும்பும் யாரையும், ஒரு பெண்ணையும்கூட, பிறப்பின் பெயரால் தடுக்கவும் கூடாது. அதற்கான செலவு கறியின் விலையில் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். இவ்வளவு நாள் அந்த விலையை ஒரு மகனின் படிப்பும் ஒரு மருமகளின் தூக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தன. கூடுதல் விலை கொடுக்க முடியாது என்பவர் குறைவாகத் தின்னலாம். அது அவருக்கும் பன்றிக்கும் நல்லது.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வெல ஏத்துனா வாங்குவாங்களா?" என்றார். பிறகு, "எம் பேத்திய இதுல விடமாட்டேன்" என்றார். திருப்பூருக்குப் போனவனும் இதைத்தான் சொன்னான். அவருடைய பேத்தி விருப்பப்பட்டு வரக்கூடிய தொழிலாக இது மாறும்வரை ஆள் கிடைக்கப்போவதில்லை. கிடைக்கவும் வேண்டாம்.