கொடையும் மலிவும்

குறைந்த செலவில் இன்பச் சுற்றுலா சென்று வருவதில் அறச்சிக்கல் ஏதும் உண்டோ? உடற்களைப்புக்கு ஓய்வுபோல, உள்ளக் களைப்புக்கு விளையாட்டும் மகிழ்வும் வேண்டும் என்பது தூய தோமா அக்குவினாரின் கருத்து. சிக்கனமும் நற்பண்பே. எனினும் சிங்கப்பூரில் நம்மை ஓர் ஐயம் பற்றிக்கொண்டது.

அங்கே 1859-இல் அமைந்த தாவரவியல் பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. (ஆர்க்கிட் தோட்டத்திற்கு உண்டு, அதைத் தவிர்த்தோம்!) மரநிழலை இறைவனின் கொடையாகவே பெற்று மகிழ்ந்தோம். ஞாயிறன்று, தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்து 1888-இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்தில் திருப்பலியில் பங்கேற்றபின், தேக்காவிலுள்ள உணவங்காடி நிலையத்திற்கு நடந்தே சென்றோம். சில வெள்ளியில் வயிறு நிறைந்தது. மிச்சப்பட்டதைக் கணக்கிட்டபடியே, தட்டை மேசையில் விட்டு எழுந்தோம். உண்டவரே அதை எடுத்து வைக்க வேண்டும் என்பது 2021 முதல் அங்கே கட்டாயம். நாம் உணருமுன், எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வந்து எடுத்துச் சென்றார்.

நிழல் இலவசம், சோறு மலிவு. அடுப்பின் முன் வேகிறவரும், தள்ளாத வயதில் மேசை துடைப்பவரும் அந்த மலிவில் தம் பங்கைச் செலுத்துகின்றனர். கொடையையும் மலிவையும் ஒன்றெனக் கொண்டதே நம் பிழை. அதிக விலை கொடுத்திருந்தால் அவருக்கு ஏதும் சேர்ந்திருக்குமா? அதுவும் உறுதியன்று.

மறுநாளும் அங்கேயே உண்டோம். தட்டை நாமே கொண்டுபோய் வைத்தோம். அந்த மூதாட்டியைக் காணவில்லை.