நீலிக் கண்ணீரும் மாத நாவலும்

எங்கம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அது படித்துத் தள்ளிய நாவல்களில் பாதியைக்கூட எம்.ஏ. தமிழ் முடித்த நான் படித்ததில்லை. மணவூரில் காலை லோக்கல் வண்டியில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனிக்குப் பதினேழு வருசம் போய்வந்தது. போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த லேடீஸ் பெட்டியில்தான் அதன் இலக்கிய வாழ்க்கை நடந்தது. ராணி முத்து, மாலைமதி, கண்மணி என்று யாராவது ஒருத்தி வாங்கிவந்தால், அட்டை பிய்ந்து போகிறவரை ஏழெட்டுப் பேர் கை மாறும். ரமணிசந்திரன் கதை என்றால் சொல்லவே வேண்டாம். யாருக்கு முதலில் என்று சண்டையே வரும்.

பள்ளிக்கூட லீவில் நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். திருவாலங்காட்டில் ஏறியவர்கள், கடம்பத்தூரில் ஏறுகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்து கதையைப் பிரித்து மேய்வார்கள். "அவ அவ்ளோ பேசியிருக்கக் கூடாதுக்கா, அந்தாளு மனசே ஒடஞ்சி போச்சி" என்பாள் ஒருத்தி. "அவன் மட்டும் யோக்கியமா? இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டானா?" என்று எதிர்ப்பாட்டுப் பாடும் எங்கம்மா. கதையில் வருகிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரி அங்கே நடமாடுவார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் பெட்டிக்கே சந்தோசம். நடுவில் பிரிந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதலியார் வீட்டுப் பெண், வன்னியர் வீட்டுப் பெண், எங்கள் காலனிப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் அழுதார்கள். அது பொய்யில்லை. நான் பார்த்தேன்.

காலேஜுக்குப் போனதும் எனக்குக் கொழுப்பு ஏறியது. ஆணாதிக்கக் கருத்தியல், நுகர்வுக் குப்பை, நச்சு இலக்கியம் என்று நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து அம்மாவிடம் கொட்டினேன். அது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "கம்பெனியில சூப்பர்வைசரு திட்றான். ஊட்ல ஒங்க நைனா திட்றாரு. அந்த ஒரு மணி நேரந்தான் என்ன யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதையும் நீ வந்து புடுங்காத." அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களை நான் குப்பை என்று சொன்னதில்லை. உழைக்கிற பெண்ணின் ஓய்வை இழிவாகப் பேசுவதும் ஒருவகை மேட்டிமைதான். நம் தோழர்கள் பலருக்கு இது இன்னும் உறைக்கவில்லை.

என் கேள்வி வேறு இடத்தில் பிறந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். காரணம், இளவரசன் என்கிற தலித் இளைஞர் வன்னியர் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதுதான். 2013 சூலை 4 அன்று தண்டவாளத்தின் ஓரத்தில் இளவரசன் பிணமாகக் கிடந்தார். அடுத்த நாள் காலை நான் அதே லேடீஸ் பெட்டியில் போய்க்கொண்டிருந்தேன். பெட்டி முழுக்க அதே பேச்சு. நாவல் படித்து அழுகிற அக்காள் ஒருத்தி சொன்னாள்: "பாவந்தான், யாரு இல்லேன்னா? ஆனா இதெல்லாம் கதையில நல்லாருக்கும். நம்ம ஊட்ல நடந்தா சும்மா இருப்பமா?"

யாரும் பதில் பேசவில்லை. எங்கம்மாவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கதையில் வருகிற காதலர்களுக்காக அழுகிற கண், தன் தெருவில் நடக்கிற காதலைப் பார்த்தால் ஏன் சிவக்கிறது? அப்படியானால் அந்த அழுகை பொய்யா? இது பழைய கேள்வி. கிரேக்க நாட்டில் பெரே என்ற ஊரை அலெக்சாண்டர் என்று ஒரு கொடுங்கோலன் ஆண்டான். உலகத்தை வெல்லக் கிளம்பிய அலெக்சாண்டர் அல்ல, இவன் வேறு. துரோய் நகரத்துப் பெண்களின் துயரத்தைச் சொல்லும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பாதியில் எழுந்து போய்விட்டானாம். தான் கொன்று குவித்த யாருக்கும் இரங்காதவன், மேடையில் ஒரு பெண்ணின் துன்பத்துக்கு அழுவதை ஊர்க்காரர்கள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். புளூட்டார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1758இல் ரூசோ நாடகத்தைக் கண்டித்து எழுதியபோது இவனைத்தான் உதாரணம் காட்டினார். கதைக்கு அழுகிறவன், தன் கடமையைச் செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான், அவனிடம் வேறெதுவும் கேட்கப்படுவதில்லை என்பது ரூசோவின் குற்றச்சாட்டு.

ரூசோ சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் நம் நாட்டுக் கதை வேறு மாதிரி வேலை செய்கிறது. அந்த மாத நாவல்களை யோசித்துப் பாருங்கள். நாயகன் பணக்காரன், நாயகி ஏழை. அவனுக்குத் திமிர், இவளுக்குத் தன்மானம். நடுவில் ஒரு தப்பான புரிதல், ஒரு பொல்லாத அத்தை. தடை என்று வந்தால் பணம் வரும், கோபம் வரும், சந்தேகம் வரும். சாதி மட்டும் வரவே வராது. சாதியே இல்லாத உலகம் என்றா அதற்குப் பொருள்? இல்லை. இரண்டு பேரும் ஒரே சாதி என்பதைச் சொல்லாமலே எல்லாரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது என்று பொருள். சாமி படம், சாப்பாடு, பேச்சு, கல்யாணச் சடங்கு எல்லாம் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. சாதிச் சான்றிதழ் சரிபார்த்த பிறகுதான் காதல் தொடங்குகிறது. வாசகி பயமில்லாமல் அழலாம். கதைக்குள் எந்த ஊரும் எரியப் போவதில்லை.

இது மாத நாவல்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. எங்களுக்குப் பக்கத்து மலை திருத்தணி. முருகன் வள்ளியைக் கல்யாணம் கட்டிய இடம் என்று தலபுராணம் சொல்கிறது. வேடர் வீட்டுப் பெண்ணைச் சாமி தேடிவந்து காதலித்த கதை. வள்ளி திருமணம் நாடகம் போட்டால் ஊரே உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும். ஆனால் கந்தபுராணக்காரர் சும்மா விட்டாரா? வள்ளி போன பிறவியில் திருமால் மகள், மான் வயிற்றில் பிறந்தாள், வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான் என்று பிறப்பைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். அசல் வேடச்சியாக அவளை மலையேற்ற மனம் வரவில்லை. கைதட்டுவதற்கு முன்னால் சான்றிதழ் அங்கேயும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' இதற்கு நேர் எதிர். இளவரசனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டு 2013இல் வந்த நாவல். குமரேசன் சரோஜாவைக் கல்யாணம் கட்டித் தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். அவள் என்ன ஆளு என்று ஊரே கேட்கிறது. கடைசியில் அவள் ஒளிந்திருக்கிற புதருக்குத் தீ வைக்கிறார்கள். இதிலும் சாதிப் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் இந்த மௌனம் வேறு. மாத நாவலில் சாதி ஒளிந்துகொள்கிறது. இங்கே பெயர் மட்டும் இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் நெருப்பாக நிற்கிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் படித்துப் பேசியபோது பலர் அழுதார்கள். நானும்தான் அழுதேன். அன்று எங்களில் ஒருவரும் கவனிக்காத விசயம் ஒன்று உண்டு. நாங்கள் எல்லாரும் சரோஜாவாக மாறிப் புதருக்குள் உட்கார்ந்திருந்தோம். தீ வைக்கிற கூட்டத்தில் ஒருவராகக்கூட எங்களை நாங்கள் பார்க்கவில்லை.

அதைப் பார்க்க வைத்தது என் தம்பி.

நாங்கள் பறையர். எங்கள் காலனியின் கடைசித் தெருவில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் குடும்பங்கள் உண்டு. ஆந்திர எல்லைப் பக்கம் இது சகஜம். 2019இல் அந்தத் தெருப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகத் தம்பி வந்து சொன்னான். நைனா கத்தினார். அம்மா கத்தவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது: "அதெல்லாம் கதையில நல்லாருக்கும்டா. அவுங்க ஊட்ல நாம எப்பிடிக் கை நனைக்கிறது?"

ஆறு வருசத்துக்கு முன்னால் ரயிலில் கேட்ட அதே வாக்கியம். சொன்னது என் தாய். அந்த மாதந்தான் நான் ஒரு கூட்டத்தில், இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர் என்று பெயர்களை அடுக்கி, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று முழங்கிவிட்டு வந்திருந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நைனாவுக்குக் கோபம் தணியட்டும், நேரம் பார்த்துப் பேசலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தம்பி என் முகத்தை இரண்டு முறை பார்த்தான். மறுநாள் வீட்டை விட்டுப் போனான்.

அரசாங்கக் கணக்கில் அவர்கள் செய்துகொண்டது கலப்புத் திருமணமே இல்லை. இரண்டு பேரும் பட்டியல் சாதி என்பதால் அதற்கான உதவித் திட்டம் பொருந்தாது. 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியல் சாதிக்காரர் பட்டியல் சாதிக்காரருக்குச் செய்வதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதாவது எங்கள் வீட்டில் நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. அம்பேத்கரிடம் பெயர் உண்டு. படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அவர். ஒவ்வொருவனுக்கும் மிதிக்கக் கீழே ஒருவன் இருக்கிறவரை மேலே மிதிக்கிறவனை எதிர்த்து எல்லாரும் சேரமாட்டார்கள். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அகமணத்தை உடைப்பதே உண்மையான மருந்து என்று எழுதியவரும் அவர்தான். அந்த மருந்தை ஊர்க்காரர்கள் குடிக்க வேண்டும் என்று மேடையில் சொல்வது சுலபம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பழையனூர். நீலி கதை நடந்த ஊர். பேயாக வந்த நீலி கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருசன் என்று வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுதாள். அவர்கள் நம்பினார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பினார்கள். அவள் அவனைக் கொன்றாள். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். பொய் அழுகைக்கு நீலிக் கண்ணீர் என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் போன பிறவியில் அவனால் கொல்லப்பட்டவள் அவள். வேசம்தான் பொய், அழுகைக்குக் காரணம் பொய்யில்லை. அந்த எழுபது பேரைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். ஒரு கதையைக் கேட்டார்கள், இரங்கினார்கள், அந்த இரக்கத்துக்குத் தங்கள் உயிரையே பிணை வைத்தார்கள். தீர்ப்பு தப்பாகப் போனதும் விலை கொடுத்தார்கள். அவர்கள் என் சாதியில்லை. அவர்கள் செய்தது சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. கதை கேட்டு இரங்கிய நாம் எதைப் பிணை வைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கம்மாவின் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். கம்பெனியிலும் வீட்டிலும் பட்டது எல்லாம் அதில் இருந்தது. ஆனால் கண்ணீர் பாதி வேலைதான். மீதி வேலை வீட்டு வாசலில் இருக்கிறது, சோற்றுத் தட்டில் இருக்கிறது. அதனால் இப்போது காதல் கதை எதைப் படித்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? என் வீட்டுக் கதவைத் தட்டினால் நான் திறப்பேனா? அழுகையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தம்பியும் அந்தப் பெண்ணும் இப்போது அரக்கோணத்தில் இருக்கிறார்கள். அம்மா இரண்டு முறை போய்வந்திருக்கிறது. தண்ணீர் வாங்கிக் குடித்தது, சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னதாம். நான் போய்ச் சாப்பிட்டேன், நாலு வருசம் கழித்து. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவள் கேட்டாள்: "அண்ணி, நீங்க கூட்டத்துலெல்லாம் நல்லாப் பேசுவீங்கன்னு இவரு சொல்வாரு. அன்னிக்கி ஏன் ஒண்ணுமே பேசல?"

பதில் சொல்ல முடியவில்லை. இதை எழுதி முடித்த பிறகும் என்னிடம் பதில் இல்லை.