புலால் மறுத்தலும் குடலளவும்



புலாலுண்ணாமை சைவர்க்கு இன்றியமையாத ஒழுக்கமென்பதை இவ்வவையிலுள்ளார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதற்கு இக்காலத்துப் பிரசங்கிமார் சிலர் காட்டும் காரணமொன்றே ஈண்டு ஆராயப்படுகின்றது. புலி, சிங்கம் முதலிய ஊனுண்ணும் விலங்குகளின் குடல் குறுகியது. பசு, ஆடு முதலிய தழையுண்ணும் விலங்குகளின் குடல் நெடியது. மனிதன் குடல் அவன் உடம்பினும் பன்னிரு மடங்கு நீண்டது. ஆதலின் இறைவன் மனிதனை ஊனுண்ணப் படைத்திலன் என்பது அவர் கூற்று. அறந்தாங்கி மேடைகளிலும் இதனைக் கேட்கின்றோம். கேட்டோர் கைகொட்டி மகிழ்தலையும் காண்கின்றோம். முடிவு நன்றாயினும் அதற்குப் போலியேது காட்டுதல் அளவைநூல் உணர்ந்தார்க்கு அழகன்று. ஏது போலியென வெளிப்பட்டவழிக் கேட்டவன் ஏதுவை மாத்திரம் விடுவதில்லை. அதன்மேல் நிறுத்திய ஒழுக்கத்தையும் உடன் விடுகின்றான். மருத்துவக் கல்லூரி புகுந்த நம் பிள்ளைகளிடத்து இது நிகழக் காண்டலின் வாளா இருத்தற்கில்லை.

முதற்கண் அளவைப் பார்ப்போம். பூனையின் குடல் அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய 4 மடங்கு, நாயினது 6, குதிரையினது 12, பன்றியினது 14, மாட்டினது 20, ஆட்டினது 27 என்பர் உடற்கூற்று நூலார். பொதுவகையான் நோக்குமிடத்து ஊனுண்ணிக்குக் குறுங்குடலும் தழையுண்ணிக்கு நெடுங்குடலும் உண்மை மெய்யே. ஊன் எளிதிற் கரைவது. புல்லின் நாரோ அத்தன்மைத்தன்று. பாலூட்டும் விலங்கு எதன் வயிற்றுநீரும் தானே அதனைச் சிதைக்க வல்லதன்று. பசுவின் நான்கறை இரைப்பையுள் முதற்பேரறையில் வாழும், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே அதனைப் புளிக்கவைத்துச் சிதைக்கின்றன. அப்பணிக்கு இடமும் காலமும் வேண்டும். பேரிரைப்பையும் நெடுங்குடலும் அவற்றை உதவுகின்றன. ஆயினும், கண்டதெல்லாந் தின்னும் பன்றியின் குடல் புல்லொன்றே தின்னும் குதிரையின் குடலினும் நெடிதாயிருத்தலை மேற்கூறிய கணக்கிலேயே காண்க. நீளமொன்றே கொண்டு உணவைத் துணியலாகாமை இதனாற் பெறப்படும்.

இனி மனிதனுக்கு வருவோம். சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி. பெருங்குடல் 5 அடி. ஆளுக்காள் மிகவும் வேறுபடும். உயிருள்ள உடம்பில் தசை இறுகி நிற்றலின் பிணத்தில் அளந்ததினும் குறுகியேயிருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ளானை உச்சிமுதல் உள்ளங்கால்வரை அளப்பின் 25 அடிக் குடல் நாலரை மடங்காகும். அவன் பூனைக்கு அயலானாவான். விலங்குகளை மூக்குமுதல் வாலடிவரை அளத்தலின் மனிதனையும் கால்நீக்கி அளத்தலே முறையென்பாராயின், 8 அல்லது 9 மடங்காகும்; நாய்க்கும் குதிரைக்கும் இடையில் நிற்பான். பன்னிரண்டு எவ்வாற்றானும் வந்திலது. ஒரே குடல், அளவுகோல் வைக்குமிடம் மாறத் தானும் மாறுமாயின், அதனை ஏதுவாகக் கொள்ளுதல் யாங்ஙனம்?

எதிர்வழக்காடுவார்க்கும் இக்குடல் துணைநில்லாது. மனிதக் குரங்குகட்குப் பெருங்குடல் மிகப் பெரிது. நமக்கோ குடற்பரப்பிற் பாதிக்குமேல் சிறுகுடலே. லெஸ்லி ஏயெல்லோ, பீட்டர் வீலர் என்னும் அறிஞரிருவர், மனிதனளவுள்ள குரங்கினத்துக்கு எதிர்பார்க்கத்தகும் குடலினும் நம் குடல் சிறிதென்றும், மூளை பெரிதென்றும் 1995-ஆம் ஆண்டிற் காட்டினர். முன்னோர் ஊனுண்டமையே இதற்குக் காரணமென்பார் ஒருசாரார். தீயிற் சமைத்துண்டமையே என்பார் மற்றொரு சாரார். பின்னையது எமக்கு உவப்பாகின்றது. சோற்றுப்பானை மனிதனுக்குப் புறத்தே அமைந்த ஓர் இரைப்பையன்றோ? எனினும் எமக்கு உவப்பாதல் அதற்குச் சான்றாகாது.

சீனநாட்டு மூங்கிற்காடுகளில் வாழும் பாண்டா என்னும் கரடி ஊனுண்ணும் குலத்தில் வந்தது. அதன் குடல் உடம்பின் 4 மடங்கேயாம். அதுவோ மூங்கிலே தின்கின்றது. தின்றதில் ஐந்திலொரு பங்கும் செரியாமையின் பகலின் பெரும்பொழுதைத் தின்றே கழிக்கின்றது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. மழைக்காலத்து நம் கண்மாய்க் கரையிலும் ஊருணிப் படிகளிலும் தலைப்பிரட்டைகளைக் காண்கின்றோம். பாசியை அரித்துண்ணும் அப்பருவத்து அதன் குடல் சுருட்டிய கயிறுபோற் பலசுற்றாக நீண்டிருக்கும். வயிற்றுத்தோலின் ஊடே அது தோன்றுதலுமுண்டு. தவளையாகிப் பூச்சி பிடிக்கத் தொடங்குமுன் அக்குடல் பெரிதுங் குறுகிவிடுகின்றது. உயிர் ஒன்றே, பிறவியும் ஒன்றே, குடல் இரண்டு! தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று தோற்றி உயிரின் வினைக்கீடாகக் கூட்டப்படுவன எனச் சித்தாந்தம் கூறுவதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ? நுகர்ச்சிக்கேற்பக் கருவி அமைகின்றது. கருவி இன்ன நுகர்ச்சிக்கு வாயிலென்று காட்டுமே யன்றி, இது செய், இது தவிர் என்று விதிக்க மாட்டாது. விதிவிலக்குகள் அறிவுடைய உயிரை நோக்கியெழுந்தன. புலிக்கு விரதமில்லை, ஆட்டுக்கும் இல்லை. ஆடு ஊனுண்ணாமை அறமாகாது. மனிதன் வயிறு சோற்றுக்கும் ஊனுக்கும் ஒருங்கே இடந்தருதலினாலன்றோ அவன் ஊனைத் துறத்தல் துறவென்று பெயர் பெறுகின்றது? உண்ணவியலாதவன் உண்ணேன் என்றல், பல்லில்லாக் கிழவன் கரும்பைத் துறந்தேன் என்றாற் போலும்.

திருவள்ளுவனார் அதிகாரங்களை வைத்த முறையையும் நோக்குக. அறத்துப்பாலில் அருளுடைமை 25-ஆம் அதிகாரம், அதனையடுத்துப் புலால் மறுத்தல் 26, கொல்லாமை 33. செரித்தலையும் உணவின் அளவையும் அவர் பேசாது விட்டிலர். பொருட்பாலில் 95-ஆம் அதிகாரமாகிய மருந்தில் விரித்தோதினர். வயிற்றைப் பற்றியதே புலால் மறுத்தலாயின் அதனையும் ஆண்டு வைத்திருப்பர். அவர் அதனை அருளின் பக்கத்தில் வைத்தார். சாந்தலிங்க அடிகள் தம் நூலுக்குக் கொலை மறுத்தல் என்றே பெயரிட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. உண்பவன் குடலைப் பாராது கொல்லப்படும் உயிரின் துன்பத்தைப் பார்த்தலே நம் பெரியோர் நெறி.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது. அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே சென்றால் கோட்டைப்பட்டினம், சகதாப்பட்டினம் முதலிய கடற்கரையூர்கள். அங்குள்ள பரதவர் வலையால் வாழ்பவர். 'மனிதக் குடல் மீனை ஏலாது' என்று அவர்பாற் கூறின், முன்னோர் வழிவழியாக மீனுண்டு வாழ்ந்தமை அறிந்த அவர் நகைப்பர்; நகைத்தல் தகும். 'நீர் மனித இயல்பிற் பிறழ்ந்தீர்' என்னும் இழிவுரையும் அதனுள் அடங்கியிருத்தலைப் பிரசங்கிமார் உணர்கின்றிலர். நாகையில் நுளையர் குலத்துதித்த அதிபத்த நாயனார், பிடித்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர்; நாள்தோறும் ஒன்றே கிடைத்த வறுமையிலும் அவ்வொன்றையே விட்டுப் பசித்திருந்தவர். அவர் மரபினரிடம் சென்று பேசவேண்டுவது, வலையிற் கிடந்து துடிக்கும் உயிரைப்பற்றியே. அத்துடிப்பை அவர் நம்மினும் நன்கறிவர். வெள்ளிக்கிழமையும் பிரதோடமும் மீனை விலக்குவோர் அவருள் இருப்பின், அவ்வொரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு போற்றுதல் நம் கடன்.

அவ்வழியிலேயே, அறந்தாங்கியினின்று 14 கிலோமீட்டர் அளவில், மணிவாசகப் பெருமானை ஆட்கொண்ட திருப்பெருந்துறை உளது. ஆவுடையாரன்றி இலிங்கத் திருமேனியில்லாத அச்சந்நிதிமுன் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லிற் பரப்பிக் கீரையும் பாகற்காயும் உடன்வைக்க, எழும் ஆவியே நிவேதனமாகின்றது. வடிவிலானுக்கு ஆவி, வடிவுடைய நமக்கு அச்சோறு. பரதவரும் பண்டிதரும் அப்பிரசாதத்தை ஒரு தன்மையராய் ஏற்கலாம்.

இன்னுமொரு வினா எஞ்சியது. பி12 என்னும் உயிர்ச்சத்து தழையுணவிற் கிடையாதென மருத்துவர் கூறுவரே, அதற்கென் செய்வதென்று இளைஞர் கேட்பர். அவர் கூறுவது உண்மையே. பாலும் தயிரும் கொள்ளும் நம்மவர்க்கு அவற்றால் அது கிடைக்கும். முதுமையில் அதனை ஈர்க்கும் ஆற்றல் குறைதலும் உண்டு. குறைந்தோரும் பாலையும் விலக்கினோரும் மருத்துவர் சொல்லுமளவில் மாத்திரையாகக் கொள்க. அச்சத்து நுண்ணுயிர்களை வளர்த்தே எடுக்கப்படுகின்றதாதலின் அதில் ஊன் கலப்பில்லை. மாத்திரையின் மேலுறை விலங்கின் எலும்பு, தோலினின்று எடுத்த பசையாலாயதோ என்பதை மாத்திரம் மருந்துக்கடையில் உசாவி வாங்குக.