ஆற்றின் அளவு யாருடையது?

அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி எத்தனை படி ஏறியிருக்கிறது என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். பூ விற்கிற அக்கா சொல்லலாம், ஆடிப்பெருக்குக்கு வந்த புதுப்பெண்ணும் சொல்லலாம். துல்லியமில்லாத அளவுதான். ஆனால் எல்லோருக்கும் சொந்தம்.

துல்லியமாக அளப்பது மத்திய நீர்வள ஆணையம். அதற்கு முசிறியில் ஒரு நிலையம், கர்நாடக எல்லையை ஒட்டிப் பிலிகுண்டுலுவில் ஒன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டிஎம்சி வந்ததா இல்லையா என்பதைப் பிலிகுண்டுலு எண்தான் சொல்கிறது. இரண்டு மாநிலமும் சண்டை போடுது, சரி. ஆனா 'எவ்வளவு வரணும்'னு சண்டை போடுறதுக்காவது 'எவ்வளவு வந்துச்சு' என்பது ஒரே எண்ணா இருக்கணும் இல்லையா? பொது அளவீடு சண்டையை நிறுத்தாது, பேசக்கூடியதாக மாற்றும்.

செலவு செய்து அளந்தவருக்கே எண் சொந்தம் என்று ஒரு வாதம் உண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா முன்பு விலைக்கு விற்றது. 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் மணற்படுகை 1970களிலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்று திருச்சிக் கல்லூரி மாணவி ஒருத்தி இன்று பைசா செலவில்லாமல் பார்க்கலாம். அவள் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைந்துபோவது எதுவுமில்லை. தண்ணீரைப் பங்கிட்டால் குறையும். தண்ணீரின் அளவைப் பங்கிட்டால் குறையாது. ஆகவே மறைக்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் சொல்லவும் செய்கிறார்கள். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து மூன்றும் நாட்டு எல்லையைத் தாண்டுகிறவை. அவற்றின் நீரோட்டத் தரவுகள் ரகசியம். காவிரியுடையது 'இந்தியா வ்ரிஸ்' தளத்தில் கிடைக்கும். பேச்சுவார்த்தை மேசையில் எண் ஓர் ஆயுதம் என்பது உண்மைதான். ஆனால் பாட்னாவில் கரையோரம் குடியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை அவருக்கும் வரும். அது எந்தக் கணக்கில் வந்தது, போன முறை எவ்வளவு தவறியது என்று பழைய எண்களை வைத்துச் சோதிக்க அவர் ஊர்க்காரர்களுக்கு வழியில்லை. சொல்லக் கேட்பவர் வேறு, சரிபார்க்கக்கூடியவர் வேறு. குடிமகன் என்பவர் இரண்டாமவர் என்றே நினைக்கிறேன்.

நம் பக்கமும் பெருமைப்பட அதிகமில்லை. அந்தத் தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நிலையம் தேடி, அட்டவணை இறக்கி, அலகு புரிந்து படிக்க வேண்டும். லால்குடி விவசாயிக்குப் பூட்டில்லாத அந்தக் கதவும் சுவர்தான். முசிறியில் அளந்த எண் அன்றன்றே அவர் ஊர் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் தமிழில் எழுதப்படட்டும். பெரிய செலவொன்றும் ஆகாது, ஒரு சாக்பீஸ் போதும்.