குளத்தில் விட்டால் புண்ணியமா?

வேலப்பன்சாவடியில் எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது இரண்டு சிவப்புக்காது ஆமைகளை விட்டுச் சென்றார்கள். “ஆமை புகுந்த வீடு உருப்படாதுப்பா. திருவேற்காட்டுக் கோயில் குளத்துல விட்டுடு, புண்ணியம்” என்றார் அம்மா.

புண்ணியமா? இவை அமெரிக்க ஆமைகள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இருப்பவை. குளத்தில் விட்டால் நம்மூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறிக்கும். காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்டதாகத் தலபுராணம். அந்த வடிவத்தின் மேல் உள்ள பக்தி குளத்து ஆமைகளையும் காக்க வேண்டாமா? அனுப்பிவிட்டு மனத்தை லேசாக்கிக்கொள்வது கருணை ஆகாது.

ஆகவே தொட்டி கட்டினேன். 10 மி.மீ. கண்ணாடி, பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோன் பசை. பசையின் புளித்த வாடை முழுதும் போகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறி உலர ஒரு மேடை, அதன்மேல் புற ஊதா விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது; புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் கால்சியம் சேராது, ஓடு மென்மையாகிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஓரடி நெருங்கி வளரும், 30 ஆண்டுகள்கூட வாழும். தொட்டியைப் பெரிதாகவே கட்ட வேண்டும்.

நட்சத்திர ஆமையாக இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்திருப்பேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைக்கவே கூடாது.

“அடைச்சு வைக்கறதும் பாவம்தானே?” என்கிறார் அம்மா. பாவம்தான். அது இவற்றைக் குட்டியாக விற்ற அன்றே தொடங்கிவிட்டது. அதை ஊர்க் குளத்தின் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை.